‘ரூம் ஃபுல்’ என்று எழுதியவன்

போன வாரம் என் நண்பர் இக்பால் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகத் திட்டமிட்டார். ஆப்பில் ஒரு வீடு பார்த்து, தன் பெயரில் புக் செய்தார். பத்தே நிமிடத்தில் பதில் — ‘மன்னிக்கவும், அந்தத் தேதிகளில் வீடு காலியாக இல்லை.’ அவருக்கு ஒரு சந்தேகம். என் போனை வாங்கி, என் பெயரில், அதே வீடு, அதே தேதி... உடனே கிடைத்தது!

இக்பால் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏன் என்கிறீர்களா? ஆப் எல்லாம் வருவதற்கு முன்பு அந்த வேலையை நான் கையாலேயே செய்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. வரிச்சிக்குடியிலிருந்து பஸ் பிடித்து, திருநள்ளாறில் ஒரு லாட்ஜுக்கு கிளார்க் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்கள் ரூம் கேட்டு ரிப்ளை கார்டு போடுவார்கள். ஒரு பாதியில் அவர்கள் கேள்வி. இன்னொரு பாதி பதிலுக்கு. பதில் எழுதுவது நான்.

முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார். “பேரைப் பாத்து எழுதுப்பா. நம்ம ஆளுங்கன்னா ரூம் இருக்கு. அந்தோணி, அப்துல்லான்னு வந்தா... ஃபுல்லு.”

‘அறைகள் நிரம்பிவிட்டபடியால் வருந்துகிறோம்.’ இதுதான் வாசகம். யார் வருந்தினார்கள்? நான் வருந்தவில்லை. சம்பளம் வந்தது, எழுதினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைக் கூட்டமெல்லாம் வடிந்து லாட்ஜ் காற்றாடிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டியோடு ஒருவர் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும்.

“ரூம் இருக்குங்களா தம்பி?”

“இருக்குங்க சார்.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் கையெழுத்து. அதே தேதிக்கு நான் எழுதிப்போட்ட ‘வருந்துகிறோம்’!

“பேரு சவரிமுத்துங்க. விவசாய இலாகாவுல வேலை. இந்தப் பக்கத்து வயல்ல மண்ணு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். பத்து நாள் தங்கணும்... எதுக்கும் நேர்ல கேட்டுப் பாப்போமேன்னு வந்தேன்.”

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? முதுகுக்குப் பின்னால் ஆணிகளில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

சாப்பிடப் போயிருந்த முதலாளி திரும்பி வந்து ரெஜிஸ்டரைப் பார்த்தார். முகம் மாறியது.

“யாரைக் கேட்டுக் குடுத்தே? போய் காலி பண்ணச் சொல்லு.”

வேலை போய்விடுமோ என்று பயம். மாடிப்படி வரை போனேன். திரும்பி வந்தேன்.

“என்னால முடியலீங்க. நீங்களே சொல்லிடுங்க.”

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினார். நான் கீழேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். கதவு திறந்தது. “வாங்கய்யா” என்றார் சவரிமுத்து. பிறகு முதலாளியின் குரல் —

“குளிக்க வெந்நீ போடச் சொல்லட்டுங்களா சார்?”

கார்டில் எத்தனையோ பேரை விரட்டியவரால், எதிரே நின்ற ஒருவரை விரட்ட முடியவில்லை! இந்த மாதிரிக் காரியங்களுக்கெல்லாம் முகம் தெரியாமல் இருப்பதுதான் பெரிய வசதி போலிருக்கிறது.

முதலாளி திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே வந்தவர், “கார்டுல மட்டும் கண்டிஷனா இரு” என்றார். நானும் இருந்தேன்... வேறு வேலை கிடைக்கும் வரை.

பத்தாம் நாள் சவரிமுத்து பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். சாவியை என் கையில் கொடுத்தார்.

“அடுத்த மாசமும் வரணும் தம்பி. கார்டு போடட்டுமா, நேரா வந்துரட்டுமா?”

“நேரா வந்துருங்க சார்” என்றேன்.

தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

‘தைரியமா கார்டு போடுங்க சார்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.