கோட்டைக்குள் இருந்து வந்த செய்தி

2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து மாலை 4.20க்கு ஸ்டோவ்னரில் உள்ள வீட்டுக்கு வந்து, சாமிக்கு விளக்கேற்றி, நாட்குறிப்பைத் திறந்தேன். தோழிகளுடன் சென்ட் பீட்டர்ஸ்பேர்க் சுற்றிப் பார்க்கப் போயிருந்த மகளிடமிருந்து செய்தி வந்தது: "அம்மா, ஜெயிலுக்கை நிக்கிறன். இஞ்சை கதைக்க ஏலாது."

உடனே அழைத்தேன்; எடுக்கவில்லை. பிறகு, அவளுடைய போனை வேறு யாரோ வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தது. "போன ஞாயிறு இரவு என்ன சாப்பிட்டனாங்கள்?" என்று எழுதிக் கேட்டேன்.

"புட்டு" என்று பதில் வந்தது. நாட்குறிப்பில் இடியப்பம் என்றிருந்தது.

"இது எங்கடை பிள்ளை இல்லை," என்றேன் கணவரிடம்.

"அவளுக்கு நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகம் இராது, விடுமப்பா," என்றார் அவர்.

நான் விடவில்லை. அங்குள்ள எங்கள் தூதரகத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது மகளே அழைத்தாள்.

"அம்மா, அது மியூசியம்! கோட்டைக்குள்ளை இருக்கிற பழைய ஜெயில். ரிக்கெற் எடுத்தெல்லோ போனனாங்கள்! நீங்கள் என்னெண்டால் சோதினை வைக்கிறியள்!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போரிலிருந்து தப்பி வந்த எங்களுக்கு ஜெயில் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

இப்போதெல்லாம் அவள் பயணம் போனால், பார்க்கப்போகும் இடங்களை முன்பே கேட்டுவிடுகிறேன். அந்தப் பழக்கம் மறுநாள் காலையே தொடங்கியது. எழுந்ததும் முதல் வேலையாக அவளுக்கு எழுதினேன்: "இண்டைக்கு எங்கை போறியள்? ஜெயிலெண்டால் எத்தனை மணிக்கு வெளியிலை வருவியள் எண்டும் எழுது."