வார்டைத் திறக்க விடாத ஜெசிந்தா

வியாழக்கிழமை காலை மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்தபோது ஜெசிந்தாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவளுடைய அண்ணன். "நம்ம ஜெசி போயிட்டாம்மா. கிளாஸ்ல பேசிக்கிட்டே நின்னவ அப்படியே சரிஞ்சுட்டா." இதயம் நின்றுவிட்டதாம். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். ஏன் என்று, அவளை அறிந்த உங்களிடம் சொல்ல வேண்டும்.

பசுமலையில் ஒரு கல்லூரியில் கணினி கற்பித்தவள் அவள். இரண்டு பாக்டீரியாக்களின் மரபணுக்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று ஒப்பிட்டுக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றைத் தனியாளாக உருவாக்கியிருந்தாள். கோப்புகளை ஏற்றினால், மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு வரிசை அம்புகள் தோன்றும். ஒத்த மரபணுக்களைக் கோடுகள் இணைக்கும். "ஒரே ஜீன் எங்கயும் இருக்கும்க்கா. வரிசையும் ஒண்ணா இருந்தாத்தான் பயப்படணும்" என்பாள்.

எங்கள் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் இரண்டு குழந்தைகளுக்கு, மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றியது. இரண்டிலும் மரபணு வரிசை ஒன்றே என்று அவளுடைய பக்கம் காட்டியது. அதாவது கிருமி வார்டுக்குள்ளேயே பரவுகிறது. வார்டைக் காலி செய்து கழுவினோம். சில குழந்தைகளை மட்டும் திரும்ப உள்ளே விட்டதும் மூன்றாவதாக ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அதன் கிருமியில் வரிசை வேறாக இருப்பதாக வந்தது. வெளியிலிருந்து வந்த கிருமி என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வார்டை முழுதாகத் திறப்பதென்று முடிவாயிற்று.

மறுநாள் காலை ஜெசிந்தா மூச்சிரைக்க வந்து நின்றாள். கோரிப்பாளையம் நெரிசலில் ஆட்டோ நகரவில்லை என்று இறங்கி ஓடி வந்திருக்கிறாள். "அக்கா, அந்த மூணாவது பிள்ளையோட கோப்பு கடைசி ஜீன்ல தொடங்கித் தலைகீழாப் பதிவாகியிருக்கு. என் புரோகிராம் அதைக் கண்டுக்கல. திருப்பிப் போட்டேன், அச்சு அசலா ஒண்ணா இருக்கு."

இருவரும் வார்டுக்கு ஓடினோம். செவிலியர்கள் தொட்டில்களைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"நேத்து வேறன்னீங்க, இன்னைக்கு ஒண்ணுங்கிறீங்க. எதைத்தான் நம்புறது?" என்று வார்டு மருத்துவர் சீறினார்.

"நேத்து சொன்னது தப்பு டாக்டர். தப்பு என்னோடது. தயவுசெஞ்சு திறந்துறாதீங்க" என்றாள் ஜெசிந்தா.

திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்களையும் வெளியேற்றினோம். கை கழுவும் தொட்டியின் அடிக்குழாயில் அதே கிருமி இருந்தது. பல வாரங்கள் போராடி அந்த மூன்றாவது குழந்தை வீடு போய்ச் சேர்ந்தது. அதுவரை ஜெசிந்தா தினமும் எனக்கு ஒரே கேள்வியைத்தான் அனுப்பினாள்: "பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

பிறகு தன் பக்கத்தின் முகப்பிலேயே அந்தப் பிழையைப் பெரிய எழுத்தில் போட்டாள். "எல்லாரும் உன்னைச் சந்தேகப்படுவாங்கடி" என்றேன்.

"படட்டும்க்கா. நம்புனதாலதான அம்புட்டுப் பிள்ளைகளையும் உள்ள தள்ளிட்டு வந்தாங்க."

அவளை அடக்கம் செய்த மறுநாள் இரண்டு கோப்புகளை ஒப்பிட்டேன். "வேறு" என்று வந்தது. தொலைபேசியை எடுத்த கை நின்றுவிட்டது. இனி தப்பென்று சொல்ல யாரும் ஓடி வரப்போவதில்லை. கோப்பை நானே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வேறுதான். பிறகும் ஒருமுறை பார்த்தேன். ஜெசிந்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பயத்தைத்தான்.