தலைவர் மடியில் இருந்த சாவி

தீயணைப்பு வேலைக்கு முதலில் வேண்டியது தலைவர், தண்ணீர் அப்புறம்தான். ஏதாவதொரு கமிட்டியில் அகப்பட்டு விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். சங்கரன்கோவிலில் தீப்பிடித்தால் திருநெல்வேலியிலிருந்து வண்டி வருவதற்குள் சாம்பல் ஆறிவிடும். அதனால் ஊரிலேயே ஒரு தொண்டர் படையும், அதன் தலைக்குமேல் ஒரு கமிட்டியும் வைத்தார்கள். கமிட்டிக்கு ஒரு பெண் தேவைப்பட்டது. நான் பி.ஏ. படித்தவள்; கூட்டத்தில் வாய் திறக்கமாட்டேன். இரண்டாவது தகுதிக்காகவே என்னைச் சேர்த்தார்கள்.

அபிப்பிராயம்

கையால் இறைக்கும் பம்பு வண்டி ஒன்று வந்தது. அதை எங்கே நிறுத்துவது என்று தொண்டர்களைக் கேட்டே ஆகவேண்டும் என்றார் தலைவர், அரிசி மில் முதலாளி. கூட்டம் அவர் வீட்டு முற்றத்தில். எங்களுக்கு நாற்காலியும் காப்பியும், தொண்டர்களுக்குச் சமுக்காளம். நெசவாளர் தெருவிலிருந்து வந்திருந்த தொண்டர் சுப்பம்மாக்கா, "எங்க தெருவுலதான் பூராவும் கூரை வீடு. பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுத அடுப்பும் வாசல்லதான் எரியுது. அங்கன நிறுத்துங்க அண்ணாச்சி" என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தம் வீட்டுக் காம்பவுண்டுக்குள் கட்டி முடித்து, பூட்டும் போட்டிருந்த புதுக் கொட்டகையைக் காட்டினார். "உங்க அபிப்பிராயம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். அதனாலதான் வேலையை முடிச்ச கையோட கூப்பிட்டிருக்கேன்."

ஒத்திகை

பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். மைதானத்தில் வைக்கோலைக் குவித்துத் தீ வைத்தோம். தலைவர் உத்தரவில்லாமல் யாரும் பம்பைத் தொடக்கூடாது என்பது கமிட்டித் தீர்மானம். தலைவரோ வரவேற்புரையில் இருந்தார். தொண்டர் மாடசாமி பம்பின் பிடியைப் பற்றியபடி அவரையும் வைக்கோலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். உரை முடிந்து, அதிகாரி கழுத்தில் மாலை விழுந்து, தலைவர் கம்பீரமாகக் கையை உயர்த்தியபோது தரையில் ஒரு கறுப்பு வட்டம்தான் மிச்சம். மாடசாமி பணிவாகக் கேட்டான்: "தீ அதுவாவே அணைஞ்சு போச்சு அண்ணாச்சி. அதுக்கும் ஒரு நன்றி சொல்லிருதியளா?"

பூட்டு

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் நெசவாளர் தெருவில் தீ. கொட்டகைச் சாவி தலைவர் மடியில். தலைவர் கோவில்பட்டியில் கல்யாணப் பந்தியில். பூட்டை உடைப்பவர் படையிலிருந்து நீக்கப்படுவார் என்று அதற்கும் ஒரு தீர்மானம் இருந்தது. கூச்சல் கேட்டு ஓடிவந்த நான்தான் கொட்டகை முன்னால் இருந்த ஒரே கமிட்டி அங்கத்தினர். எரிகிற வீட்டுக்கு அடுத்த வீடு சுப்பம்மாக்காவுடையது. உள்ளே அவள் தறி. அதை விட்டால் அவளுக்குப் பிழைப்பில்லை. "நீங்களும் கமிட்டிதானம்மா. ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது. உலக்கை வந்தது, பூட்டு போனது. முதலில் தீப்பிடித்த வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் தறி ஒரு பக்கம் கரிந்து தப்பித்தது.

அடுத்த கூட்டத்தில் உடைந்த பூட்டை மேஜைமேல் வைத்தார் தலைவர். நெசவாளர் தெரு முழுவதும் வாசலில் வந்து நின்றதால் நீக்கும் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இன்னும் பெரிய பூட்டாக வாங்கவேண்டும் என்றார். எந்த மாதிரி வாங்கலாம் என்று, வழக்கத்துக்கு மாறாக, முதலிலேயே தொண்டர்களைக் கேட்டார்.

சுப்பம்மாக்கா எழுந்தாள். "எந்தப் பூட்டா இருந்தாலும் சரி அண்ணாச்சி, உலக்கைக்குத் தாங்காத பூட்டாப் பாத்து வாங்குங்க."

தொண்டர்களின் யோசனையைக் கேட்ட பிறகு எங்கள் கமிட்டி நிராகரித்தது அன்றுதான் முதல் தடவை. அதுவரை நிராகரித்துவிட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.