பொட்டு வைத்த அம்பாசடரும் இரண்டு கதவு ஹெரால்டும்

எது நல்ல வண்டி என்று கேட்டால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை வரும். நான் ஹெரால்டு கட்சி. என் கொழுந்தன் அம்பாசடர் கட்சி. அவன் லாரி ஓட்டியவன்தான். ஆனாலும் அவன் சொல்வது தப்பு.

எழுபதுகளின் தொடக்கம். வீடு அம்பத்தூரில், எனக்குப் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை வேலை. பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் முதல் மணி அடித்துவிடும். நானே தாமதமாகப் போனால் யாரை அதட்டுவது? கார் வாங்குவதென்று முடிவானது. என் கணவருக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்ட வராது. என்னிடம் கல்யாணத்துக்கு முன்பே எடுத்த லைசென்ஸ் இருந்தது. ஆனால் அம்பாசடர் வந்தால் கொழுந்தன்தான் ஓட்டுவான். அவனுக்கு ஒழிந்தபோது நான் பின்சீட்டில் போகலாம். ஹெரால்டு சின்ன வண்டி, அவன் தொடமாட்டான்; அது வந்தால் ஸ்டியரிங் என் கையில். எனக்கு வேண்டியது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தரகர் இரண்டு பழைய வண்டிகளையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லி வாசலில் நிறுத்தினார். நான் சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் என் மாமியார் அம்பாசடருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார். வாங்கியாகிவிட்டது என்று நினைத்தாராம். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி வருமுன்பே பூ வைத்த கதை.

"பொட்டு வச்ச வண்டிய திருப்பி அனுப்பக் கூடாது. ஊட்டுக்கு ஆவாது" என்றார்.

"அம்மாவே சொல்ட்டாங்க. அப்புறம் இன்னா அண்ணி?" என்று கொழுந்தன் இளித்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ரெண்டுலயும் உக்காந்து பாருங்க அத்தே. அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

முதலில் அம்பாசடர், ஆவடி வழியாகப் பூந்தமல்லி வரை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: குண்டும் குழியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆளை ஏற்ற ஏற்ற அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். போகும்போது கொழுந்தன் ஓட்டினான், வரும்போது நான்; மாமியார் பின்சீட்டில். ஸ்டியரிங்கைத் திருப்ப ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற பலம் வேண்டியிருந்தது. கிளச்சை எட்ட சீட்டின் நுனிக்கே வந்துவிட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கியர், நான் ஒன்று நினைத்தால் அது ஒன்று நினைத்தது. எங்கள் தெருவில் வண்டியைத் திருப்ப முன்னும் பின்னும் போனதில் எதிர்வீட்டுக் கோலம் மொத்தமும் அழிந்தது.

அடுத்தது ஹெரால்டு. அதற்கு இரண்டே கதவு. முன்சீட்டைச் சாய்த்துக் குனிந்துதான் பின்னால் ஏற வேண்டும். மாமியாரால் முடியவில்லை. என் கணவரும் கொழுந்தனும் பின்னால் நுழைந்துகொள்ள, அவர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இஞ்சின் சின்னதுதான். நாலு பேரோடு கிளம்பும்போது முனகியது. பள்ளத்தில் விழுந்தால் பல் ஆடியது.

"தீப்பெட்டிக்கு சக்கரம் வச்சா மாதிரி கீது" என்றான் கொழுந்தன், முழங்கால் முகவாயில் இடிக்க.

நான் காதில் வாங்கவில்லை. பருத்திப்பட்டு வளைவில் லேசாக மணிக்கட்டை அசைத்தேன்; வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. கியர் சொன்ன இடத்தில் விழுந்தது. எங்கள் தெருவுக்கு வந்ததும் ஒரே வீச்சில் திருப்பி நிறுத்தினேன். அந்த நிமிஷம் என்னைவிடக் கெட்டிக்காரி அம்பத்தூரில் யாருமில்லை.

மாமியார் இறங்கவில்லை.

"பொட்டு வச்சிட்டியேம்மா, அத்த இன்னா செய்யறது?" என்று பின்னாலிருந்து என் கணவர் கேட்டார்.

"அது போற எடத்துல நல்லா இருக்கட்டும். இத்த வாங்கு."

"ஏம்மா, திடீர்னு?"

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாட்டு வண்டியோ மோட்டாரோ, இத்தினி வருஷமா பின்னாடி குந்திகினு உங்க முதுகத்தான் பாத்துகினு இருந்தேன். இன்னிக்குத்தான்டா ரோடு தெரிஞ்சிது."

அவர் என் பக்கம் திரும்பி, "இன்னொரு தபா போலாம், எட்றி வண்டிய" என்றார்.