அடிவரிசையில் நடு ஆள்

சென்னையில் தண்ணீர் மேலிருந்து விழுகிறது. மழையைச் சொல்லவில்லை, அது இங்கே அபூர்வம். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் தண்ணீர்ப் பந்தலில் போய் நின்றால், பந்தலில் இருப்பவர் "கையை ஏந்துங்கோ" என்கிறார். இரண்டு கையையும் சேர்த்து வாயருகே வைத்துக் குனிந்து நிற்கவேண்டும். அவர் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவார். பாதி தொண்டைக்கும் பாதி முழங்கை வழியாகச் சட்டைக்கும் போகும். பாத்திரத்தையே கையில் கொடுக்கும் இடங்களில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கவேண்டும். அதுவும் எனக்குக் கைவராத வித்தை. வந்து ஓராண்டு ஆகப்போகிறது. தாகம் தீர்ந்து திரும்பும்போதெல்லாம் நனைந்துதான் திரும்புகிறேன். ரங்கூனில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். அங்கே பர்மாக்காரர்கள் புண்ணியத்துக்காகத் தெருவில் வைத்திருக்கும் மண்பானையும், மூடிமேல் கவிழ்த்த குவளையும் உங்களுக்குத் தெரியும். எடுத்தோம், வாய் வைத்துக் குடித்தோம், கவிழ்த்துவிட்டு நடந்தோம். நமக்கு முன்னால் யார் குடித்தார் என்று நாம் கேட்டதே இல்லை.

நான் ரங்கூனில் பிறந்தவன். சென்னை என் அப்பாவின் ஊர். அவர் காலமான பிறகு அம்மா, "நீயாவது நம்ம ஊர்ல போய்ப் பிழைச்சுக்கோ" என்று கப்பல் ஏற்றிவிட்டாள். நம்ம ஊர் என்று அவள் சொன்னதை நானும் நம்பித்தான் வந்தேன். தியாகராய நகரில் எழும்பும் புதுவீடுகளுக்கு நிலையும் கதவும் விற்கும் மரக்கடையில் வேலை கிடைத்தது. பர்மாத் தேக்கு என்றால் வாங்க வருகிறவர்கள் விரலால் தட்டிப் பார்த்து முகம் மலர்கிறார்கள். பர்மாவிலிருந்து வந்த ஆள் என்றால், "அப்படியா, பூர்வீகம் எது? நீங்க எந்த..." என்று இழுத்து நிறுத்துகிறார்கள். அப்பா ரங்கூன் துறைமுகத்தில் இருந்தார் என்பேன். கேட்டவருக்கு அது போதாது. அதற்கு மேல் சொல்ல எனக்கும் விருப்பமில்லை. பிறகு அவர் என்னை 'சார்' என்று கூப்பிடத் தொடங்குவார். ஆளைத் தள்ளி நிறுத்துவதற்கு இந்த ஊரில் அதைவிட நல்ல வேலி கிடையாது.

கடை மூடினால் பேச ஆளில்லை. மயிலாப்பூரில் நான் இருக்கும் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்க்கவேண்டியதுதான். அப்படியிருந்தபோது, மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை பிரித்த இடத்தில், இன்னும் வீடு எழும்பாத ஒரு மனையில், சிலர் கர்லாக்கட்டை சுற்றுவதைக் கண்டேன். சின்னத் தேகப்பயிற்சிச் சங்கம். ஆண்டு விழாவுக்காக ஆள்மேல் ஆள் ஏறி நிற்கும் கோபுரம் பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. அவர்களுக்குத் தலைவன் போல் இருந்த டிராம் கண்டக்டர் கோவிந்தனிடம், ரங்கூனில் பையனாக இருந்தபோது கோபுரத்தின் உச்சியில் நின்றவன் நான் என்று பெருமையடித்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அது எப்போ சார்? இப்போ நீங்க உச்சில நின்னா, கீழ கீறவன் மண்ணுக்குள்ள பூடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அடிவரிசையில் நடு ஆளாக என்னை நிறுத்தினார்கள். கீழே ஐந்து பேர், அவர்கள் தோளில் மூன்று பேர், நடு ஆளின் தோளில் நிற்பவன்மேல் இன்னொருவன். ஆக, என்மேல் இரண்டு பேர்.

உச்சியில் நின்றவனுக்கு அடிவரிசை எப்படி இருக்கும் என்று தெரியாது. மேலே நின்றால் ஊரே தெரியும். கீழே நின்றால் எதிரே உள்ள மண் மட்டும்தான் தெரியும். மேலே நிற்பவன் தவறினால் அவனுக்கு அடி. கீழே நிற்பவன் முழங்கால் மடங்கினால் மற்றவர்களுக்கு அடி. இந்த நினைப்பு வந்ததுமே என் தொடை நடுங்கத் தொடங்கிவிடும். என் தோளில் ஏறவேண்டியவன் முனுசாமி. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வருகிற கொத்தனார். என் வயதுதான் இருக்கும். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பிறகு ஒரு காலை வைப்பான், கொஞ்சம் தயங்குவான், அப்புறம் மறுகாலை வைப்பான். அந்தத் தயக்கத்தில் பாரமெல்லாம் ஒரே தோளுக்கு வந்து நான் சாய்வேன். இடம் மாற்றிப் பழகும் நாளில் கோவிந்தன்மேல் ஏறும்போது அவனுக்கு அந்தச் சடங்கெல்லாம் கிடையாது. முதுகில் ஓர் அறை, "குனி மாமா" என்று ஓர் அதட்டல், மறுநிமிஷம் மேலே நிற்பான்.

கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது மரியாதை என்று எனக்கும் தெரியும். அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அத்தனை பேரில் எனக்கு மட்டும் அது கிடைத்தது வலித்தது. இந்த ஊரில் என்னைத் தொடுகிறவர்களே என்மேல் ஏறுகிறவர்கள்தாம். அவர்களும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொட்டார்கள்.

விழா நெருங்கியது. ஒருநாள் மாலை கோவிந்தன் என்னைத் தனியே அழைத்தான். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. ஞாயித்துக்கெழமையும் காலு இப்டியே ஆடிக்கினு கீதுன்னா வேற ஆளப் போட்டுடறேன்." நீக்குவதைக்கூட மரியாதையாகச் சொன்னான். நான் பதறிப்போனேன். கோபுரம் போனால் எனக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த மனைக்குப் போகாவிட்டால், ஒரு காலையிலிருந்து மறு காலைவரை என் பெயரைச் சொல்ல இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை. அங்கேயும் என் பெயர் 'சார்'தான். அதையாவது சொன்னார்களே.

அந்தப் பதற்றத்தில் முனுசாமியிடம் போய், "இனிமேல் என்னைத் தொட வேண்டாம் முனுசாமி" என்றேன். 'கும்பிடாமல் அப்படியே ஏறுங்கள்' என்பதுதான் என் மனத்தில் இருந்தது. அதை முடிப்பதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. "செரி சார்" என்றான். அன்று கைபடாமல், சுடுமணலில் நடக்கிறவனைப் போல ஏறினான். கோபுரம் என்றைக்கும் இல்லாத ஆட்டம் ஆடியது. மறுநாள் அவன் வரவில்லை.

"தொடாதன்னு சொன்னீங்களாமே சார்," என்றான் கோவிந்தன். குரலில் சிரிப்பே இல்லை. "இங்க அந்தப் பேச்செல்லாம் நாங்க வெச்சிக்கிறதில்ல."

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று விளக்கப் போனேன். கும்பிட்டதால் மனம் புண்பட்டது என்று ஒருவனிடம் எப்படி விளக்குவது? பேசப் பேச என் குற்றம் உறுதியானதுதான் மிச்சம். கோவிந்தன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், முனுசாமி வேலை செய்யும் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். சித்திரை வெயில். புதுத் தெருக்களில் ஒதுங்க ஒரு மரமில்லை. சொல்லவேண்டியதை வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாரத்தின் நிழலில் ஒரு பானை. அதன்மேல் ஒரு லோட்டா. கை தானாகப் போயிற்று. மொண்டு வாய் வைத்துக் கடகடவென்று குடித்தேன். ஒரு சொட்டு சட்டையில் சிந்தவில்லை. நிமிர்ந்தால் சித்தாள் பெண்கள் சோற்றுக் கையோடு என்னையே பார்க்கிறார்கள்.

"ஐயே, வாய வெச்சுட்டாரே," என்றாள் ஒருத்தி.

சாரத்தின் மேலிருந்து முனுசாமி குதித்து இறங்கினான். "இன்னாய்யா நீ? அல்லாரும் குடிக்கற லோட்டாவ எச்ச பண்ணிக்கினு நிக்கிறே? அத்தக் கழுவி வையி."

மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அவன் இடுப்பில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. "முனுசாமி, அன்றைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"உடு நைனா," என்றான். "தண்ணி குடிக்கவே தெர்ல. நீ இன்னாத்த தொட்டா இன்னா, தொடாங்காட்டி இன்னா." அந்தப் பெண்கள் சிரித்தார்கள். "சாய்ங்காலம் வர்றேன், போ."

தொட்டால் தீட்டு என்று நினைக்கிற ஆள் அந்த லோட்டாவில் வாய் வைத்திருக்கமாட்டான் என்பது அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும். அதற்காக நான் குடிக்கவில்லை, தாகத்தில் குடித்தேன். ஓராண்டில் என்னை இந்த ஊர் வைதது அதுதான் முதல் தடவை. கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்று மாலை முனுசாமியின் கை என் தோளைத் தொட்டுக் கண்ணுக்குப் போகவில்லை. முதுகில் ஓர் அறை விழுந்தது. "குனி நைனா." ஒரு கால், மறுகால், இரண்டும் ஒரே மூச்சில். பாரம் முழுவதும் ஒன்றாக வந்து இறங்கியது. நான் பயந்ததைவிட அது இலேசாகவே இருந்தது. தொடை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை.

ஆனால் அன்றிரவு எனக்குக் கோ தின் என்பவனின் நினைவு வந்துவிட்டது. ரங்கூனில் எனக்குக் கீழே நின்ற பர்மியப் பையன் அவன். ஒருவர் தலைக்குமேல் கையை நீட்டினாலும், கால் பட்டாலும் பர்மியர்கள் மன்னிப்பாக ஒரு சொல் சொல்வார்கள்: கடோ. அவன் தோளில் ஏறும்போதெல்லாம் நான் தவறாமல் "கடோ" என்பேன். நல்ல வளர்ப்பு என்று பெரியவர்கள் மெச்சுவார்கள். அவனுடைய சிநேகிதர்களான பர்மியப் பையன்கள் ஒருவர்கூட அவனிடம் அதைச் சொன்னதில்லை. காதைத் திருகிவிட்டு ஏறுவார்கள். அத்தனை வருஷம் நான் அவன் தோளில் விருந்தாளியாகத்தான் நின்றிருக்கிறேன். நம்முடைய ஊர் என்பதுபோல் நான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிற ரங்கூனில்.

ஆண்டு விழாவுக்கு நல்ல கூட்டம். கோவிந்தனின் மனைவி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். முனுசாமியின் சனம் ஆற்றங்கரையிலிருந்து திரண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. கூட்டத்தில் எனக்கென்று வந்த முகம் ஒன்றுமில்லை. பழக்கத்தில் ஒரு தடவை தேடிப் பார்த்துக்கொண்டேன். விசில் ஒலித்தது. தோள்மேல் முனுசாமி, அவன்மேல் இன்னொருவன். கைதட்டல் கேட்டது. அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் வெறுங்காலும், அதன் கீழே ஏரியைத் தூர்த்த புதுமண்ணும்தான். கால் ஆடவில்லை, அழுந்தி, விரல்வரை மண்ணில் பதிந்திருந்தது. அப்போது என்னையறியாமல் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"கடோ."

"இன்னா நைனா?" என்றான் மேலேயிருந்து முனுசாமி.

ஒன்றுமில்லை என்றேன். அவனிடம் நான் அதைச் சொல்லவில்லை. காலுக்குக் கீழே இருந்த மண்ணிடம் சொன்னேன்.