செவலைத் தோல்

எங்கள் நீதிபதி எசென்கான் பகாசவ் லஞ்சம் வாங்கியவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் வேறு மாதிரிக் கதையை எதிர்பார்ப்பீர்கள். நாரின் நகரத்துக்கு மேலே, எங்கள் மலை மாவட்டத்தில் இருபத்துமூன்று வருஷம் தீர்ப்பு சொன்னார். அதில் பதினாறு வருஷம் ஷாயிர்குல் என்கிற நான்தான் அவருக்குச் செயலாளர். ஆகவே இந்த வெட்கத்தில் பாதி என்னுடையது.

அவர் குதிரைக்காரர் மகன். சட்டம் படித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் எங்கள் பக்கத்தில் அவர்தான். எந்த விருந்துக்குப் போனாலும், சபையில் பெரிய மனிதருக்கென்று வைக்கிற ஆட்டுத்தலை அவர் முன்னால்தான் வைக்கப்படும்.

எங்கள் வேலைமுறையையும் சொல்ல வேண்டும். அரசு வக்கீல் குற்றப்பத்திரிகையைப் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பார். 'குற்றம் சாட்டப்படுகிறது' என்று இருக்கிற இடத்திலெல்லாம் நான் 'நிரூபிக்கப்பட்டது' என்று மாற்றுவேன். தண்டனைக்கு மட்டும் இடம் விட்டுவைப்பேன். நீதிபதி தனியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தீர்ப்பை யோசித்து எழுதும்போது யாரும் உள்ளே போகக் கூடாது என்பது சட்டம். அவர் தேநீர் குடித்துவிட்டு, வருஷத்தை நிரப்பிக்கொண்டு வருவார். முப்பது வழக்கு தேங்கிக் கிடந்தால் யார்தான் என்ன செய்வது என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு வருஷம் ஒரோசலி என்ற கிழவரின் குதிரை களவு போனது. பக்கத்து மேய்ச்சல்காரன் கொஜோஷின் வீட்டில் புதுக் குதிரைத் தோல் கிடந்தது என்று அவனைப் பிடித்தார்கள். "குளிர்காலக் கறிக்கு என் சொந்தக் குதிரையைத்தான் அறுத்தேன்" என்று அவன் தொண்டை வறளக் கத்தினான். கோப்பில் தோலின் படம் நிறம் தெரியாத கருப்பு வெள்ளை நகலாக இருந்தது. விசாரணை அதிகாரி பட்டணத்துப் பையன். கிடைத்த தோல் செம்பழுப்பு நிறச் செவலை என்பதால் களவுபோன குதிரையும் செவலை என்று எழுதிவிட்டான்.

ஒரோசலியோ சாட்சிக் கூண்டில் நின்று, "என்னோடது மயிலை, சாம்பல் நிறம்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். நானே அதைப் பதிவு செய்தேன். நீதிபதி தலையையும் ஆட்டினார்.

தீர்ப்பு நாளன்று எல்லோரும் எழுந்து நிற்க, அவர் வாசிக்கத் தொடங்கினார். "ஒரோசலிக்குச் சொந்தமான செவலைக் குதிரையைத் திருடி அறுத்து, அதன் தோலை..."

"நிறுத்துப்பா!" என்றார் ஒரோசலி. "யாரோட செவலை? என் குதிரை மயிலைன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேனே! செவலைத் தோலுன்னா அது இவன் வீட்டுக் குதிரைதான். ஏன்டா எசென்கான், குதிரைக்காரனுக்குப் பொறந்த உனக்குமா செவலைக்கும் மயிலைக்கும் வித்தியாசம் தெரியல?"

கூடம் சிரித்தது. கொஜோஷ் மட்டும் சிரிக்கவில்லை, நீதிபதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்டனை வரி இன்னும் இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. நிறுத்தியிருக்கலாம். விசாரணையை மறுபடி திறக்கச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் நிறுத்தினால், தான் எழுதாத தீர்ப்பை, படித்துக்கூடப் பார்க்காத தீர்ப்பை வாசிக்கிறேன் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி நான். அவர் குரலை உயர்த்தி மீதியையும் வாசித்து முடித்தார். மூன்று வருஷம். அங்கேயே விலங்கு மாட்டினார்கள்.

மேல் கோர்ட் அவனை விடுவிக்கப் பதினொரு மாதமானது. அதற்குள் நீதிபதி பாதியாக இளைத்துப்போனார். விருந்துகளில் ஆட்டுத்தலையைத் தட்டோடு பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார்.

விடுதலைத் தாளில் முத்திரை வாங்க கொஜோஷ் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. அவன் திட்டட்டும், காறித் துப்பட்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன். அவன் உள்ளே வந்ததும் நீதிபதி எழுந்துவிட்டார்.

"உக்காரு கொஜோஷ்."

அவன் கைகளைப் பின்னால் கட்டி, சுவரைப் பார்த்து நின்றான்.

"உக்காருப்பா. நான் உன்கிட்ட... அன்னிக்கு நான்..."

"நீங்க மொதல்ல உக்காருங்க ஐயா," என்றான் கொஜோஷ், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே. "அதிகாரி நின்னா நாங்க உக்காரக் கூடாது. உள்ள அடிப்பாங்க."