ஆபிரிக்கான்சுக்கும் யப்பானியத்துக்கும் நடுவில் ஒரு மெசின்

அன்று காலை விசுவமடுச் சைட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். வராதவர்களும் வந்ததாகப் பிறகு கதை விட்டார்கள். தென்னாபிரிக்காவில் இருந்து வந்த தொழில்நுட்ப அதிகாரி யோஹான். மெசினோடு கூட வந்த யப்பான் மெக்கானிக் மொரி-சான். எங்கள் சுப்பர்வைசர் கொன்ஸி அக்கா, முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். அவருடைய அணிப் பெண்கள் எட்டுப்பேர், கயிறு கட்டிப் பிரித்த லேன்களுக்குள் முழங்காலில். அம்புலன்ஸ் சாரதி ரபீக் நானா. கடைசியாக நான், ஒப்பரேட்டர் சோதனைக்கு வந்தவன், இரவு நித்திரை கொள்ளாதவன்.

எங்கள் வேலை மிதிவெடி அகற்றுவது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குக் கிடைத்த நல்ல வேலை. பல வருடம் லேனில் இருந்து மண்ணைச் சுரண்டியதில் இடது முழங்கால் போய்விட்டது. இனிக் குந்தவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மெசின் சோதனையில் தேறினால் கதிரையில் இருந்து வேலை. தேறாவிட்டால் வீடு. நிலைமை அவ்வளவுதான்.

தேத்தண்ணி நேரத்துப் பந்தயம்

மெசினின் முன்னால் ஓர் உருளை. அதில் சங்கிலிகள் சுழன்று மண்ணை அடிக்கும். வெடி இருந்தால் அங்கேயே வெடித்துவிடும். இதை எனக்குப் பழக்கியவர்கள் யோஹானும் மொரி-சானும். இருவரும் தங்களுக்குள் ஆங்கிலம் பேசுவார்கள். அந்த ஆங்கிலம் கொன்ஸி அக்காவுக்குத்தான் விளங்கும். ஆனால் கோபம் வந்தாலும், கை நசிந்தாலும், அவரவர் தன் மொழிக்கே போய்விடுவார். அதனால் இரண்டும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தன.

யோஹானின் ஆபிரிக்கான்ஸ் தொண்டையில் இருந்து வரும். மீன் முள் சிக்கினால் காறுவோமே, அந்த இடம். மொரி-சானின் யப்பானியம் உதட்டு நுனியில் நிற்கும். சொல்லுக்குச் சொல் வாய் திறந்தே முடியும்.

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, தன் மொழிதான் உலகத்தில் லேசு என்றார் யோஹான். கொன்ஸி அக்கா தமிழில் சொன்னார்.

“நான் போ, நீ போ, அவர் போ, நாங்கள் போ. எல்லாருக்கும் ஒரே சொல்லாம். பள்ளிக்கூடம் போகாதவனுக்கெண்டே செய்த பாஷையாம். உன்னைப் பாத்துத்தான் சொல்லுறார்.”

“நக்கலோ அக்கா?”

“நக்கல்தான். உண்மையும்தான்.”

மொரி-சான் ஒரு போல்ட்டைத் தன் காலடியில் வைத்தார், இன்னொன்றை என் காலடியில், மூன்றாவதைத் தூரத்து டயரடியில். கை காட்டிச் சொன்னார்: கொரே, சொரே, அரே. நான் துள்ளி எழும்பிவிட்டேன். இது, உது, அது! வெளியூர்த் தமிழரே விட்டுவிட்ட உது, அவ்வளவு தூரத்தில் இருந்து வந்தவரிடம் இருந்தது. யோஹானிடம் கிட்ட ஒன்று, எட்ட ஒன்று, இரண்டுதான். முகத்தைத் தொங்கப் போட்டார். பிறகு அவரே ஒபீஸ் கூடாரத்தைக் காட்டி “கந்தூர்” என்றார். எங்கள் கந்தோர்தான். மொரி-சான் ரபீக் நானா வெட்டி வைத்த பாணைக் காட்டி “பான்” என்றார். அதுவும் எங்கள் பாண்தான்.

“ஒண்டு ஒல்லாந்தன்ர, மற்றது போத்துக்கீசன்ர,” என்றார் கொன்ஸி அக்கா. “வந்தவன் போனவன் எல்லாரும் எங்கட வாயில ஏதோ விட்டிட்டுத்தான் போயிருக்கிறான்.”

பந்தயம் அங்கேதான் தொடங்கியது. சோதனையில் நான் மாட்டுப்பட்டால் என் வாயில் எந்த மொழி வரும்? ஆளுக்கு ஆயிரம் ரூபாய், அவரவர் மொழியின் மேல். நடுவர் கொன்ஸி அக்கா.

“ரெண்டும் வராட்டி காசு எனக்கு,” என்றார் அவர். இருவரும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மாட்டுப்படுவேன் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை.

யோஷி

மெசினை ஸ்டார்ட் பண்ண முன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். யோஹான் கண்ணால் ஒரு சுற்றுப் பார்ப்பார், பெருவிரலைக் காட்டுவார், முடிந்தது. மொரி-சான் அப்படியல்ல. ஒவ்வொரு சாமானையும் கை நீட்டிக் காட்டி, பெயரை உரத்துச் சொல்லி, “யோஷி” என்பார். சரி என்று அர்த்தம். அவர்கள் நாட்டில் தொழிற்சாலைகளில் அதுதான் வழக்கமாம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிற எனக்கு அது மருந்து மாதிரி. கையும் வாயும் சேர்ந்து சொன்னால்தான் என் மனம் நம்பும்.

அதுவரை பழகியது லேன்களுக்கு எட்டவாக; சோதனை அன்று மெசின் லேன்களுக்குக் கிட்ட நின்றது, மொரி-சான் என் பக்கத்தில் நின்றார். குறை வைக்கக்கூடாது என்று மெசின் படியில் ஏறினேன். கையை முழுதாக நீட்டினேன்.

“எண்ணெய், யோஷி! பெல்ட், யோஷி! சங்கிலி...”

கொன்ஸி அக்காவின் விசில் அடித்தது.

லேன்களுக்குள் எட்டுப் பெண்களும் இருந்தபடியே உறைந்தார்கள். ஒருத்தியின் கை அந்தரத்தில். அம்புலன்ஸ் உறுமியது. யோஹான் “வாஹ்! வாஹ்!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடிவந்தார். நில் என்று அர்த்தம். எங்கள் சைட்டில் முதல் நாள் படிப்பிப்பதே இதுதான்: ஒருவர் கையை உயர்த்திச் சத்தம் போட்டால் ஆபத்து, எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். இத்தனை வருடம் நின்ற நான் அதை மறந்துபோனேன்.

“ஐயோ அம்மா, நான் ஒண்டும் செய்யேல்லை!” என்றேன்.

“ஆருக்கடா என்ன?” கொன்ஸி அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. எண்ணெய் பாத்தனான்.”

“எண்ணெய் பாக்கிறதுக்கு ஏன்டா ஊரைக் கூட்டுறாய்?”

ரபீக் நானா ஸ்ட்ரெச்சரோடு வந்து நின்றார். “ஆரையாவது ஏத்துங்கோவன். வெறுமன திரும்பினா டீசலுக்கு நான் என்னெண்டு கணக்குச் சொல்லுறது?”

பிறகு இரண்டு பெரியவர்களும் வாக்குவாதம் தொடங்கினார்கள், அவரவர் மொழியில். யோஹானுக்குக் கோபம் என்பது இரண்டாவது சொல்லிலேயே தெரிந்தது. மொரி-சான் குனிந்து குனிந்து நீட்டிக்கொண்டே போனார். எங்கள் ஆட்களைப் போல, வசனம் முடியும் மட்டும் காத்திருக்க வேண்டும்.

“நான் தேறினேனோ எண்டு கேளுங்கோ அக்கா.”

கேட்டார். ஆபிரிக்கான்சில் ‘இல்லை’ என்பதை ஒரே வசனத்தில் இரண்டு தரம் சொல்வார்கள். யோஹான் இரண்டு தரமும் சொன்னார். மொரி-சானோ இல்லை என்று வாயால் சொல்கிற ஆள் அல்ல. பல்லிடுக்கால் மூச்சை உள்ளே இழுத்தார். அதுதான் அவருடைய இல்லை. ஒருவர் இரண்டு தரம், மற்றவர் ஒரு தரமும் இல்லாமல். என் முழங்கால் நோகத் தொடங்கியது.

கொன்ஸி அக்கா தொப்பியைக் கழற்றி விசிறினார்.

“அவன் பாத்ததில பிழை இல்லை. கையும் தொண்டையும்தான் பிழை. டேய், முழங்கையை விலாவோட ஒட்டு. விரலை மட்டும் நீட்டு. பாதரிட்டப் பாவம் சொல்லுற மாதிரி மெல்லச் சொல்லு. முதல்ல இருந்து.”

செய்தேன். ஒவ்வொரு யோஷியும் எனக்கும் மொரி-சானுக்கும் மட்டும் கேட்டது. பெண்கள் லேன்களில் வேலையைத் தொடர்ந்தார்கள். ஏறி ஸ்டார்ட் பண்ணினேன், சோதனைக்குக் கோடு போட்ட இடம் வரை ஓட்டினேன், திரும்பி வந்து நிறுத்தினேன். மொரி-சான் குனிந்தார். யோஹான் “யா-நியே” என்றார்.

“ஓம்-இல்லையாம்,” என்றார் கொன்ஸி அக்கா.

“அக்கா, ஓமோ இல்லையோ?”

“பொறு, கேக்கிறன். ஓம்தானாம். அவங்கட ஊரில ஓமை அப்பிடியும் சொல்லுவாங்களாம்.”

மெசினில் ஏறப் போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். கை காட்டிப் பெயர் சொல்லிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் சுற்றி நிற்பவர்கள் உங்கள் கையை என்னவென்று விளங்கிக்கொள்வார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். நான் இன்றைக்கும் முழங்கையை விலாவில் ஒட்டித்தான் யோஷி சொல்கிறேன்.

பந்தயத்தைக் கொன்ஸி அக்கா மறக்கவில்லை. என் வாயில் வந்தது சுத்தத் தமிழ். காசு கேட்டார். யோஹான் “நௌ-நௌ” என்றார். இப்போ-இப்போ என்றுதான் அர்த்தம், ஆனால் எப்போ என்று அவர்களுக்கே தெரியாது. மொரி-சான் மூச்சை உள்ளே இழுத்தார். இருவரும் நாட்டுக்குப் போய்விட்டார்கள். கொன்ஸி அக்காவுக்கு இன்னும் வரவேண்டியது இரண்டாயிரம் ரூபாய்.